பழைய லேப்டாப்பில் பயாஸ் பூட்டு: உடைப்பதா, திருப்பிக் கொடுப்பதா?

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இதுதான்.

அவர் வீட்டோடு சேர்த்து ஒரு தையல் கடை வைத்திருக்கிறார். மகன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. புது லேப்டாப் வாங்கக் கையில் பணம் போதவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு, சென்னையில் பழைய லேப்டாப் விற்கும் ஒரு கடையில் 18,500 ரூபாய்க்கு லெனோவோ நிறுவனத்தின் ஒரு திங்க்பேட் வாங்கியிருக்கிறார்கள். 14,000 ரூபாய் ஜிபே, 4,500 ரூபாய் ரொக்கம். பில்லில் 14,000 மட்டும்தான் இருக்கிறது. கீழே, ‘வாரண்டி கிடையாது, விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. கல்லூரி லேபில் விர்ச்சுவல் மெஷின் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் மென்பொருள்) போட்டுவரச் சொன்னார்கள். அதற்கு பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளுக்குள் போய் ஒரு அமைப்பை ஆன் செய்ய வேண்டும். மகன் எஃப்1 பொத்தானை அழுத்த, கறுப்புத் திரையில் ஒரு பூட்டுப் படமும் பாஸ்வேர்டு கேட்கும் சின்னக் கட்டமும் வந்திருக்கின்றன. கடைக்குப் போன் செய்தால், “அதான் விண்டோஸ் ஓடுதே, அப்புறம் என்ன?” என்றார்களாம். மறுநாள், “எடுத்துட்டு வாங்க, 2,000 ரூபாய்க்குச் சிப்பை மாத்தித் தர்றோம்” என்றார்களாம். உள்ளூர் மெக்கானிக் 1,500 ரூபாய்க்குச் செய்து தருவதாகச் சொல்கிறார். இவருடைய அண்ணனோ, “இது திருட்டு லேப்டாப். போலீஸ் வந்தா பையன் படிப்பே போயிடும். சத்தமில்லாம யாருக்காவது தள்ளி விட்டுடு” என்கிறார். லேப்டாப்பின் அடியில் பார்கோடு போட்ட ஒரு ஸ்டிக்கர் பாதி சுரண்டப்பட்ட நிலையில் இருக்கிறது. வாங்கி 24 நாள் ஆகிறது.

“பூட்டை எடுக்கலாமா? எடுத்தால் குற்றமா? பணம் திரும்பக் கிடைக்குமா? அண்ணன் சொல்வதுபோல் விற்றுவிடலாமா?” இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடித்து ஒரு முடிவுக்கு வரும்வரை அந்த லேப்டாப்பின் ஒரு திருகைக்கூட யாரும் கழற்ற வேண்டாம். உள்ளூர் மெக்கானிக் மட்டுமல்ல, கடைக்காரரும் வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு ஓர் இளைஞர் என் அலுவலகத்துக்கு வந்து, ஒரு துணிப்பையிலிருந்து லேப்டாப்பை வெளியே எடுத்து வைத்தார். பின்பக்க மூடி தனியாக, திருகுகள் ஒரு மாத்திரைக் கவரில். உங்களுக்கு நேர்ந்ததேதான் அவருக்கும். தெரிந்த ஒருவர் சிப்பின் கால்களை ஏதோ கம்பியால் தொட்டுப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு லேப்டாப் ஆன் ஆகவே இல்லை. விற்ற கடையில் கேட்டால், “நீங்கதான் பிரிச்சீங்க, நாங்க ஒழுங்காத்தான் கொடுத்தோம்” என்றுவிட்டார்கள். பூட்டோடு கொண்டுவந்திருந்தால் எளிதாக முடிந்திருக்க வேண்டிய விஷயம். பூட்டோடு இருக்கும் லேப்டாப்தான் உங்கள் கையில் உள்ள மிகப் பெரிய சாட்சி. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இது என்ன பூட்டு?

லேப்டாப் சர்வீஸ் தொழிலில் இருக்கும் ஒரு நண்பரிடம் உங்கள் கடிதத்தின் தொழில்நுட்பப் பகுதியைப் படித்துக்காட்டிய பிறகே இதை எழுதுகிறேன். லேப்டாப்பில் பூட்டு என்று நாம் பொதுவாகச் சொல்வது நாலைந்து வகை. ஆன் செய்தவுடனே கேட்கும் பாஸ்வேர்டு ஒன்று. ஹார்டு டிஸ்க்குக்கு மட்டும் போடும் பாஸ்வேர்டு இன்னொன்று. டிஸ்க்கில் உள்ள தகவல்களைப் பூட்டிவைக்கும், விண்டோஸுக்குள் இருக்கும் பிட்லாக்கர் வேறு. உங்களுடையது ‘சூப்பர்வைசர் பாஸ்வேர்டு’. லேப்டாப் வழக்கம்போல ஓடும், ஆனால் பயாஸ் அமைப்புகளை மாற்ற மட்டும் விடாது. விண்டோஸ் ஓடுகிறதே என்று கடைக்காரர் சொன்னது இதனால்தான். மூன்று வாரம் உங்களுக்குத் தெரியாமல் இருந்ததும் இதனால்தான். வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டாமா என்று உங்களை நீங்களே நொந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸைத் திறந்து, கீபோர்டைத் தட்டிப் பார்த்து, பேட்டரி எவ்வளவு நிற்கிறது என்று கேட்டு வாங்கும் யாருக்கும் இது கண்ணில் படாது. மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பூட்டு எப்படி வருகிறது? பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் லேப்டாப் வாங்குகின்றன அல்லது மூன்று, நான்கு வருடக் குத்தகைக்கு எடுக்கின்றன. ஊழியர்கள் பென்டிரைவிலிருந்து வேறு இயங்குதளத்தை ஏற்றித் தகவல்களை எடுத்துவிடக் கூடாது என்று, ஐ.டி. பிரிவு எல்லாவற்றுக்கும் பயாஸ் பாஸ்வேர்டு போட்டுவிடும். காலம் முடிந்ததும் லாட் லாட்டாக ஏலத்தில் போகின்றன. போவதற்கு முன் பாஸ்வேர்டை எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது உண்டு. அந்த லாட்தான் கைமாறிக் கைமாறி சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களுக்கு வருகிறது. ஆகவே, பூட்டு இருக்கிறது என்பதாலேயே திருட்டுப் பொருள் என்று உங்கள் அண்ணன் முடிவு கட்டியது சரியில்லை. பாதி சுரண்டிய ஸ்டிக்கரும் அப்படித்தான். நிறுவனங்கள் தங்கள் சொத்துக்கு ஒட்டும் எண் அது. கடைக்காரர்கள் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று சுரண்டிவிடுவது வழக்கம். அதே சமயம், ஊழியர் ஒருவரிடமிருந்து திருடு போன லேப்டாப்பும் பார்க்க இதேபோலத்தான் இருக்கும். பூட்டைப் பார்த்து மட்டும் இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

உங்கள் மகன் யூடியூபில் பார்த்த வழியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பாஸ்வேர்டு போய்விடும் என்பது பழைய டெஸ்க்டாப் காலத்துக் கதை. அப்போது பாஸ்வேர்டு, மின்சாரம் இருந்தால்தான் நிற்கும் நினைவகத்தில் இருந்தது. திங்க்பேட்டில் அது மின்சாரம் போனாலும் அழியாத சிப்பில் இருக்கிறது. வருடக் கணக்கில் பேட்டரி இல்லாமல் கிடந்தாலும் போகாது. சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மீட்டுத்தர வழியில்லை, மதர்போர்டையே மாற்ற வேண்டும், அதற்குக் கட்டணமும் வாங்கியதற்கான அத்தாட்சியும் வேண்டும் என்று லெனோவோ தன் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. டெல் மாதிரி நிறுவனங்கள், உரிமையாளர் என்று நிரூபித்தால் பல மாடல்களுக்கு விடுவிப்புக் குறியீடு கொடுக்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் வழி வேறு. ஆனால், ‘இது உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்ற கேள்வி எல்லா இடத்திலும் உண்டு.

சிப்பை மாற்றுவதாகச் சொல்கிறார்களே, அது முடியாத வேலை இல்லை. அந்தச் சிப்பைக் கழற்றி, வேறு தகவலை எழுதி, திரும்ப ஒட்டுகிறார்கள். கை தேர்ந்தவர் செய்தால் ஓடும், இல்லையென்றால் போர்டே போய்விடும். எனக்குக் கவலை வேறு. இந்த வேலையில் லேப்டாப்பின் சீரியல் எண் அழிந்துபோகவோ மாறிப்போகவோ வாய்ப்பு இருக்கிறது. நாளைக்கு யாராவது விசாரித்து வந்தால், எண் மாற்றப்பட்ட ஒரு லேப்டாப் உங்கள் மகனின் பையில் இருக்கும். இன்றைக்கு அப்படி ஒரு கேள்விக்கே இடமில்லை. திரையில் காட்டும் எண்ணைக் கொடுத்தால் பாஸ்வேர்டு தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்கள் பக்கமும் போக வேண்டாம். பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போவார்கள். இல்லையென்றால் அவர்கள் தரும் மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து வரும்.

பில் இருந்தால் பொருள் நம்முடையதா?

“கையில் பில் இருக்கிறது, அதனால் லேப்டாப் என்னுடையதுதானே?” என்று எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. விற்றவருக்கு இல்லாத உரிமையை வாங்கியவர் பெற முடியாது என்பது அதன் 27ஆம் பிரிவின் சாரம். விதிவிலக்குகள் சில உண்டு என்றாலும், திருட்டுப் பொருளை நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கினாலும் பொதுவாக அது உண்மையான உரிமையாளருக்கே சேரும்.

இதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். இதே சட்டத்தின் 14ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. விற்பதற்குத் தனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழி, வாயால் சொல்லாவிட்டாலும், ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருக்கிறது. அந்த உரிமை கடைக்காரருக்கு இல்லை என்று தெரியவந்தால் உங்கள் பணத்தை அவர்தான் திருப்பித் தர வேண்டும். “எனக்கும் தெரியாது, நானும் லாட்டில்தான் வாங்கினேன்” என்பது அவருக்கும் அவருக்கு விற்றவருக்கும் இடையே உள்ள கணக்கு.

சரி, யாருடைய பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மொபைல் என்றால், அது தடுக்கப்பட்ட போனா என்று அதன் ஐ.எம்.இ.ஐ. அடையாள எண்ணை வைத்து அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துவிடலாம். லேப்டாப்புக்கு அப்படி ஒரு பொதுப் பதிவேடு இல்லை. சில வேலைகளை நீங்களே செய்யலாம்.

அடியில் உள்ள சீரியல் எண்ணையும், விண்டோஸுக்குள் காட்டும் சீரியல் எண்ணையும் மகனை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. அந்த எண்ணை லெனோவோவின் வாரண்டி பக்கத்தில் போட்டால், எப்போது வாரண்டி தொடங்கியது, எந்த நாட்டில் விற்றது என்பது தெரியும். ஏழெட்டு வருடம் பழையது என்றால் குத்தகை முடிந்து ஏலத்தில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். போன வருடம்தான் விற்றது என்று காட்டினால் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான். விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், வேலை அல்லது பள்ளிக் கணக்கு ஏதாவது இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டிய ஸ்டிக்கரையும் பக்கத்தில் வைத்துத் தெளிவாகப் படம் எடுங்கள். மிச்சத்தைச் சுரண்ட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த லேப்டாப்பை எந்த லாட்டில், யாரிடமிருந்து வாங்கினார் என்பதற்கான கொள்முதல் பில்லின் நகலைக் கடைக்காரரிடம் கேளுங்கள். விலையை மறைத்துவிட்டுக் கொடுத்தால்கூடப் போதும். நேர்மையாகத் தொழில் செய்பவரிடம் அது இருக்கும்.

கடைக்காரரிடம் என்ன கேட்கலாம்?

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியைப் பார்த்து நீங்கள் பயந்திருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், எவையெல்லாம் நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2(47)ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் பணத்தைக் கொடுக்க மறுப்பது அதில் ஒன்று. பில்லில் காலம் எதுவும் இல்லையென்றால் 30 நாள். உங்களுக்கு இன்று 24ஆம் நாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை முதலில் எடுத்தேன். 30 நாள் தாண்டினால் உரிமை போய்விடும் என்று இதற்குப் பொருள் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் வரை கால அவகாசம் இருக்கிறது. ஆனால் இந்த ஆறு நாளுக்குள் எழுத்தில் கேட்டுவிட்டால் உங்கள் நிலை மிகவும் உறுதியாகிவிடும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. குறை தெரிந்த பிறகும் ஒன்றும் சொல்லாமல் நீண்ட நாள் வைத்திருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டம் கருதும். போனில் சொன்னது போதாது. எழுத வேண்டும்.

‘வாரண்டி கிடையாது’ என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, கீல் தளர்ந்திருக்கிறது, திரையில் ஒரு கீறல் என்றெல்லாம் இருந்தால், பழைய பொருள் அப்படித்தான் என்று கடைக்காரர் சொல்லலாம், நீங்களும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பூட்டு அப்படித் தேய்மானத்தில் வந்தது அல்ல. மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான், அவன் பாடத்துக்கு வேண்டும் என்று கடையில் சொல்லித்தான் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கும்போது, பொருள் அதற்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. கடையோடு வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால், அந்த உரையாடலில் இது எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள்.

அந்த 4,500 ரூபாய் ரொக்கம்தான் உங்கள் பக்கத்தில் பலவீனமான இடம். அதற்கு ஆதாரம் இல்லை. அதை இப்போதே உண்டாக்கிவிடலாம். கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் கீழே உள்ளபடி அனுப்புங்கள். அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பில் நகலோடு ஸ்பீட் போஸ்ட்டில், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி கேட்டு அனுப்பிவிடுங்கள்.

“இந்தத் தேதியில் உங்கள் கடையில் 18,500 ரூபாய் (ஜிபே 14,000, ரொக்கம் 4,500) கொடுத்து, இந்தச் சீரியல் எண் கொண்ட திங்க்பேட் லேப்டாப் வாங்கினேன். என் மகனின் கம்ப்யூட்டர் படிப்புக்காக என்று சொல்லியே வாங்கினேன். அதில் பயாஸ் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போடப்பட்டிருப்பதை விற்கும்போது நீங்கள் சொல்லவில்லை. லேப்டாப்பை நாங்கள் பிரிக்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், அல்லது பூட்டு இல்லாத அதே தரத்து லேப்டாப்பைத் தாருங்கள். இந்த லேப்டாப்பை நீங்கள் வாங்கியதற்கான பில்லின் நகலையும் அனுப்புங்கள்.”

அவ்வளவுதான். கோபமாக எதுவும் எழுத வேண்டாம். திருட்டுப் பொருள் என்ற சொல்லும் வேண்டாம், அது இன்னும் நமக்குத் தெரியாது. ‘ரொக்கமாக 4,500 எப்போது தந்தீர்கள்?’ என்று அவர் கேட்காமல் வேறு ஏதாவது பதில் போட்டாலே அது உங்களுக்கு உதவும்.

கடைக்காரர் இறங்கிவந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் சொல்வார். பணம் அல்லது வேறு லேப்டாப் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் அதற்குத்தான் முயல்வேன். ‘பூட்டை எடுத்துத் தருகிறேன்’ என்றால், மதர்போர்டையே மாற்றிக் கொடுத்து, அதற்குக் குறைந்தது ஆறு மாத வாரண்டியும் பில்லில் எழுதித் தந்தால் மட்டும் சம்மதியுங்கள். 2,000 ரூபாயை உங்களிடம் கேட்பதில் நியாயமே இல்லை. ‘இரண்டாயிரம் மூவாயிரம் குறைத்துத் தருகிறேன், இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்’ என்றால், கொள்முதல் பில் கையில் வந்த பிறகு யோசிக்கலாம். அதற்கு முன்பு வேண்டாம்.

இறங்கிவரவில்லை என்றால் முதலில் 1915க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அவர்கள் கடையைத் தொடர்புகொண்டு பேசிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டும் என்று நினைத்துப் பின்வாங்க வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய வசதி. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவே மனு போடலாம், உங்கள் மகனே அதைச் செய்துவிடுவார். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும், ஆணையத்தின் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததுமே பேச்சுவார்த்தைக்கு வரும் கடைக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதை வேறு வாசகர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கடையில் வாங்காமல், இணைய விளம்பரத்தைப் பார்த்து ஒரு தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டம் பொதுவாகக் கைகொடுக்காது, ஏனென்றால் அவர் வியாபாரி அல்ல. அங்கே சரக்கு விற்பனைச் சட்டமும் சிவில் நீதிமன்றமும்தான்.

திருட்டுப் பொருளாகவே இருந்துவிட்டால்?

ஐ.பி.சி. என்ற இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு, திருட்டுப் பொருளை அது திருட்டு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற நோக்கத்தோடு வாங்குவதையும் வைத்திருப்பதையும் குற்றம் என்கிறது. மூன்று வருடம் வரை சிறை. 2024 ஜூலைக்கு முன்பு இது ஐ.பி.சி. 411. திருடப்பட்ட கணினி என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66பி பிரிவும் வரலாம்.

இந்தப் பிரிவுகளில் எல்லாம் உயிரான சொற்கள், ‘தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ’ என்பவைதான். கடையில், பகலில், ஜிபேயில் பணம் கொடுத்து, பில்லோடு வாங்கியவர் நீங்கள். அடிமாட்டு விலையும் இல்லை. வாங்கிய அன்று உங்கள் மீது ஒரு தவறும் இல்லை. ஆனால் இப்போது உங்கள் வீட்டில் ஒரு சந்தேகம் எழுந்துவிட்டது. ஆகவே இனிமேல் நீங்கள் செய்வதைத்தான் யாரும் உற்றுப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்த பிறகு பூட்டை உடைப்பதும், சத்தமில்லாமல் இன்னொருவருக்குத் தள்ளிவிடுவதும்தான் ஒன்றும் அறியாத உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடிய இரண்டு காரியங்கள். உங்கள் அண்ணன் உங்கள் மீது உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், தெரிகிறது. ஆனால் உண்மையை மறைத்து விற்பது ஏமாற்றுதல் என்று நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு சொல்கிறது. அதோடு, உங்களைப் போலவே சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு வரும் இன்னொரு அம்மா அதை வாங்குவார். இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பூட்டை எடுப்பதே குற்றமா என்று கேட்டீர்கள். உங்களுக்குச் சொந்தமான லேப்டாப்பின் பூட்டை நீங்கள் எடுப்பது குற்றமில்லை. அது உங்களுடையதுதானா என்று தெரியாதபோதுதான் சிக்கல்.

விசாரித்ததில் அது காணாமல் போன லேப்டாப் என்று உறுதியானால், ஒரு பக்கத்தில் நடந்ததை எழுதி, பில், ஜிபே ரசீது, கடைக்கு அனுப்பிய கடிதம் ஆகியவற்றின் நகல்களோடு உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். மனுவைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். கடைக்காரரிடம் பணம் கேட்க அதுவே உங்களுக்கு ஆதாரம். போலீஸ் கூப்பிட்டு அலைக்கழிக்கும் என்று பயந்திருக்கிறீர்கள். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு இடத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு சொல்கிறது. கேட்க வேண்டியதை உங்கள் வீட்டுக்கு வந்து கேட்கலாம். உங்கள் மகன் படிப்புக்கு இதனால் ஒரு பங்கமும் வராது.

மகனின் லேப் வேலை

கடிதம் முழுக்கச் சட்டத்தைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் மனதில் உறுத்துவது திங்கட்கிழமை லேப்தான் என்று புரிகிறது. விர்ச்சுவல் மெஷினுக்கு பயாஸில் அந்த அமைப்பு ஆன் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அது ஏற்கெனவே ஆனில் இருக்கவும் வாய்ப்பு உண்டு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், சி.பி.யு. என்ற இடத்தில், விர்ச்சுவலைசேஷன் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்தாரா என்று கேளுங்கள். ஆஃபில் இருந்தால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளைப் பழக டபிள்யூ.எஸ்.எல். முதல் பதிப்பு இருக்கிறது. அதற்கு அந்த அமைப்பு தேவையில்லை. ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, லேப் மெஷினில் செய்யவும் கேட்கலாம். எதைச் செய்தாலும், அந்த லேப்டாப்பில் உள்ள பாட வேலைகளை முதலில் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் அவசரப்பட வேண்டியிருக்காது.

மாற்று லேப்டாப் தருகிறேன் என்று கடைக்காரர் கூப்பிட்டால், மகனையும் அழைத்துக்கொண்டு போங்கள். பணம் பற்றிப் பேசுவதற்கு முன்பு அணைத்துவிட்டு ஆன் செய்து, எஃப்1 அழுத்தி (டெல் என்றால் எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10) பயாஸுக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் போக முடிகிறதா என்று பார்க்கட்டும். உள்ளே ஏதாவது ஒரு சின்ன அமைப்பை மாற்றிச் சேமித்துப் பார்க்கட்டும். அப்புறம் அங்கேயே விண்டோஸை ரீசெட் செய்து, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பதிவில் இன்னும் இருக்கும் லேப்டாப் என்றால், இணையம் கிடைத்ததும் அந்த நிறுவனத்தின் பெயரோடு லாகின் பக்கம் வந்து நின்றுவிடும். ரீசெட் ஆக ஒரு மணி நேரம் ஆகலாம். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் உட்கார்ந்திருங்கள். புது பில்லில் சீரியல் எண், 18,500 முழுத் தொகை, ‘பயாஸ் பாஸ்வேர்டு இல்லை’ என்ற வரி, மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஏழு நாளில் கடையிலிருந்து என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். வரவே இல்லை என்றாலும் எழுதுங்கள், ஆணையத்துக்கான மனுவை எப்படி எழுதுவது என்று அப்போது சொல்கிறேன்.